நீலக்குறிஞ்சியும் அதன் பங்காளிகளும்: மலையில் பார்த்து அறிந்தவை

கோத்தகிரியிலிருந்து:

ஆகஸ்ட் பிறந்தால் போதும், என் போனில் ஊதாப் பூப் படங்கள் வந்து குவியும். "அண்ணா, இது குறிஞ்சிதானே?" என்று எல்லாருக்கும் ஒரே கேள்வி. படத்தில் பூ மட்டும் இருக்கும், அதுவும் மிக நெருக்கத்தில். இலை தெரியாது, தண்டு தெரியாது, எந்த மலையில் எடுத்தது என்றும் தெரியாது. அதை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி சேர்ந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துச் செடிகள் மட்டும் பல பத்து இனங்கள் உண்டு. அவற்றில் ஏராளமானவை நீலமாகவோ ஊதாவாகவோதான் பூக்கும். ஆகவே நிறத்தை நம்ப வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. நீலக்குறிஞ்சியே விரியும்போது வெளிர்நீலமாக இருக்கும், நாள் ஆக ஆக ஊதா ஏறும். ஒரே கதிரில் இரண்டையும் பார்க்கலாம்.

நான் முதலில் பார்ப்பது செடி நிற்கும் இடத்தை. நீலக்குறிஞ்சி, அதாவது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, வெயிலும் காற்றும் நேராக விழும் உயரமான புல்வெளிச் சரிவுச் செடி. 2018இல் வெள்ளமெல்லாம் வடிந்த பிறகு மூணாறு ராஜமலைக்குப் போனபோது இதை நன்றாகப் பார்க்க முடிந்தது. சரிவு முழுக்கப் புதர்கள், பெரும்பாலும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம். பள்ளத்தில் சோலை தொடங்கும் இடத்தில் அவை நின்றுவிடுகின்றன. நிழலுக்குள் போவதில்லை.

அடுத்தது இலை. குறிஞ்சி இலைக்குக் காம்பு உண்டு. ஓரம் சிறு சிறு பற்களாக வெட்டியிருக்கும். இலையைப் பறிக்க வேண்டாம், விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் மென்மயிர் படர்ந்து, நரம்புகள் எடுப்பாகத் தெரியும்.

இந்தக் காம்பு எவ்வளவு உதவும் என்பதை 2021இல் குடகு மண்டல்பட்டியில் கண்டேன். மலை முழுக்க நீலம். ஜீப்பில் வந்த எல்லாரும் "நீலக்குறிஞ்சி, நீலக்குறிஞ்சி" என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "2018இல் பூத்தாச்சும்மா, இனி 2030தான்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இலை தண்டில் சேரும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். காம்பே இல்லை, இலை நேராகத் தண்டைக் கட்டிக்கொண்டிருந்தது. தண்டிலும் கதிரிலும் சுணை போல மயிர். அது ஸ்ட்ரோபிலாந்தஸ் செசிலிஸ். நீலகிரியிலும் இருக்கிறது, குறிஞ்சியை விடச் சிறிய செடி. அதனால் நாங்கள் சிறுகுறிஞ்சி என்று சொல்லிக்கொள்வோம்.

அப்பா சொன்ன முடிவு சரி, காரணம்தான் சரியில்லை. நீலக்குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு ஒவ்வொரு செடிக்கூட்டத்துக்கும் தனி. எல்லா மலையும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. 2022இல் இடுக்கி சாந்தன்பாறைக்கு அருகே கள்ளிப்பாறையில் பூத்தது அசல் நீலக்குறிஞ்சியேதான். 2018ஐ மட்டும் வைத்து எண்ணியவர்கள் அதைப் பொய்ச் செய்தி என்று ஒதுக்கினார்கள். நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள்.

(மார்ச், ஏப்ரலில் வரும் படங்களைப் பற்றி ஒரு வரி: அவை பெரும்பாலும் ஜகரண்டா. அது மரம், நம் நாட்டுச் செடியும் அல்ல.)

மும்பை செம்பூரிலிருந்து:

கோத்தகிரி அண்ணா சொன்னதோடு எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்க்கிறேன். இங்கே கார்வி என்று ஒன்று உண்டு, ஸ்ட்ரோபிலாந்தஸ் காலோசா. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2008, 2016, 2024 என்று வந்திருக்கிறது. 2016இல் போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் போய்ப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்திருந்த சித்தி, "நம்ம குறிஞ்சி இவ்வளவு உசரமா வளருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கார்வி ஆளை மறைக்கும் உயரம் போகும், மரங்களுக்கு அடியிலும் காடாக மண்டும். தண்டைத் தடவினால் சொரசொரப்பு, பூங்கதிரைத் தொட்டால் பிசுபிசுப்பு. தண்டு நல்ல உறுதி என்பதால், அதை வரிசையாகக் கட்டி மண்ணும் சாணமும் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவார்கள். இடுப்பளவு குறிஞ்சிக் குச்சியில் யாரும் சுவர் கட்ட முடியாது.

சாதாரா பக்கம் காஸ் பீடபூமிக்குப் போனால் டோப்லி கார்வி கிடைக்கும். கவிழ்த்த கூடை போல உருண்டையான சிறு புதர், தூரத்திலிருந்தே தெரியும். அங்கே பூவின் பக்கத்தில் போகவே தேவையில்லை.

கொடைக்கானலிலிருந்து:

நான் இங்கே சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்கு அழைத்துப் போகிற வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு வரும் குழப்பம் வேறு. பேரிஜம் போகும் வழியில், சோலை நிழலில், குறிஞ்சிக்கு உறவான வேறு இனங்கள் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும். சில வெள்ளை, சில வெளிர் ஊதா. சிலவற்றின் இலையைத் தொட்டாலே பிசினும் வாடையும் கையில் ஒட்டும். "வண்டியை நிறுத்துங்க, குறிஞ்சி!" என்று குரல் வரும். நான் சுற்றிலும் காட்டி, "இங்கே வானம் தெரியுதா?" என்று கேட்பேன். அது புரிந்தால் மற்றது எளிது.

இன்னொரு குழப்பம் துளசிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள். அவையும் ஊதாதான், அவற்றுக்கும் எதிரெதிர் இலைதான். பூவின் வாயைப் பாருங்கள். துளசிக் குடும்பத்துப் பூவில் மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். குறிஞ்சிப் பூ மணி போல விரிந்து, ஐந்து மடலும் ஏறக்குறைய சமமாக இருக்கும்.

பூ முடிந்த பிறகும் அடையாளம் காண முடியும், அதை யாரும் சொல்லவில்லை. நீலக்குறிஞ்சி ஒரே முறைதான் பூக்கும், விதை விட்டதும் செடியே செத்துவிடும். மறு ஆண்டு அந்தச் சரிவில் காய்ந்த குச்சிகள்தான் நிற்கும், அவற்றின் அடியில் நாற்றுகள் கிளம்பும். அதே செடி அடுத்த ஆண்டும் துளிர்த்துப் பூத்தால் அது வேறு இனம்.

அதனால்தான் கதிரை ஒடிக்க விடமாட்டேன். அந்தச் செடிக்கு அடுத்த பூ என்று ஒன்று கிடையாது. புல்வெளியெல்லாம் தேயிலையும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் ஆகிவிட்டதில் அதன் இடம் ஏற்கெனவே சுருங்கிப்போனது. 2024இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனங்களோடு நீலக்குறிஞ்சியையும் சேர்த்துவிட்டார்கள். கூட்டம் போய் மிதித்தால் அந்த நாற்றுகளும் மிஞ்சாது.

படம் அனுப்புகிறவர்கள் நான்கு படமாக அனுப்புங்கள்: நிற்கும் இடம், முழுச் செடி, இலை தண்டில் சேரும் இடம், இலையின் அடிப்பக்கம். பூப் படம் கடைசியில் இருந்தால் போதும். சரியான இடத்தின் பெயரைப் பொதுவில் போடாமல் எங்களுக்கு மட்டும் சொன்னால் இன்னும் நல்லது.