சுடோகுவில் கெட்டிக்காரி, சதுரங்கத்தில் ஏன் தடுமாறுகிறாள்?

கேள்வி – தாழ்வாரம்

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. ஓராண்டாகவே அவளுக்குக் கணிதப் புதிர்களில் பழக்கம் ஏற்படுத்தி வருகிறேன். கடினமான சுடோகுவையும் யாருடைய உதவியுமின்றி முடித்துவிடுகிறாள். ஹனோய் கோபுரத்தில் (சிறிய தட்டின்மேல் பெரியது வராமல், ஒவ்வொன்றாக, தட்டு அடுக்கை ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் புதிர்) ஐந்து தட்டுகளை ஒரு நகர்வுகூட வீணாகாமல் 31 நகர்வுகளில் இடம் மாற்றுகிறாள். ஆனால் என்னோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தால், வெட்டக் கிடைக்கும் காயை வெட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் எழுவதில்லை. "இதற்கு நான் என்ன பதில் ஆட்டம் ஆடுவேன் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டால், "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள்.

புதிர்கள் வியூகச் சிந்தனையை வளர்க்கும் என்று எங்கும் சொல்கிறார்கள். அது உண்மையானால் இவளிடம் ஏன் அது தென்படவில்லை? புதிர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா, அல்லது வகையை மாற்ற வேண்டுமா? சிறுவர்களோடு ஆடிப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – ஒற்றையடி

தங்கள் மகளிடம் குறை ஏதுமில்லை. கொடுத்த பயிற்சி ஒன்று, எதிர்பார்த்த பலன் வேறொன்று. சுடோகுவில் எதிராளி கிடையாது. ஒரு கட்டத்தில் 7 வர வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டால் அதைக் கலைக்க யாரும் வரப்போவதில்லை. அது தர்க்கத்தையும் பொறுமையையும் வளர்க்கும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வியூகம் என்பது, நம் நகர்வுக்குப் பிறகு எதிரே இருப்பவருக்கு என்னென்ன வழிகள் மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது. அதைப் பழக எதிராளி உள்ள ஆட்டம் வேண்டும். அதுவும் முழுமையாக அலசி முடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய ஆட்டமாக இருக்க வேண்டும். தொடக்கத்திற்குச் சதுரங்கம் மிகப் பெரிய காடு.

21 தீக்குச்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் முறையில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று குச்சிகளை எடுக்கலாம்; கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. முதல் நாள் சிறுவர்கள் கைபோன போக்கில் எடுப்பார்கள்; ஐந்தாறு குச்சிகள் மிஞ்சும்போதுதான் விழித்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, "நான்கு குச்சிகள் இருக்கும்போது உன் முறை வந்தால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்று எடுத்தால் எதிராளி மூன்றை எடுப்பார், இரண்டு எடுத்தால் இரண்டை, மூன்று எடுத்தால் ஒன்றை. எப்படி ஆடினாலும் நான்கு என்பது தோற்கும் நிலை. அப்படியானால் எதிராளிக்கு நான்கை விட்டுவைப்பவர் வெல்கிறார். நான்கை விட்டுவைக்க வேண்டுமானால் அதற்கு முன் எட்டை விட்டுவைக்க வேண்டும். இப்படி முடிவிலிருந்து பின்னோக்கி நடந்தால் 12, 16, 20 என்று வந்து, 21-இல் தொடங்குபவர் ஒரே ஒரு குச்சியை எடுத்தால் போதும் என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், உண்மையில் பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள்: கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றவர். இப்போது எதிராளிக்கு விட்டுவைக்க வேண்டியவை 1, 5, 9, 13, 17, 21. சற்றுமுன் முதலில் ஆடியவருக்கு உறுதியாக இருந்த வெற்றி இப்போது இரண்டாமவரின் கைக்குப் போய்விட்டது. "நான்கின் மடங்கு" என்று மனப்பாடம் செய்தவர் இங்கே சறுக்குவார். ஏன் நான்கு என்று புரிந்துகொண்டவர் சிறிது நேரத்தில் எழுந்துவிடுவார். அதன்பின், கடைசிக் குச்சியை எடுப்பவருக்கே வெற்றி என்ற பழைய விதிக்குத் திரும்பி, 1, 3, 4 ஆகிய எண்ணிக்கைகளில் மட்டுமே எடுக்கலாம் என்று மாற்றிப் பாருங்கள். விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. தாங்களும் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வியின் தொனியைப் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பல குவியல் ஆட்டத்திற்கு நிம் என்று பெயர். அதன் முழுத் தீர்வை ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் பூட்டன் 1901-இல் வெளியிட்டார். அதற்கு இரும எண்கள் (0, 1 மட்டும் கொண்டு எழுதப்படும் எண்கள்) தேவைப்படுவதால் அவசரம் வேண்டாம்.

பதில் – நடுக்கோடு

மேலே சொல்லப்பட்டதோடு உடன்படுகிறேன். ஆனால் தங்கள் மகளின் குறிப்பான சிக்கல், கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வது. அதற்குப் புள்ளிகளை இணைத்துக் கட்டம் பிடிக்கும் ஆட்டத்தைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் தாளில் ஆடியிருப்பார்கள். நான்காவது கோட்டைப் போட்டுக் கட்டத்தை மூடுபவருக்கு அந்தக் கட்டம் சொந்தம், மூடியவர் மீண்டும் ஒரு கோடு போட்டே ஆக வேண்டும்.

ஆட்டத்தின் இறுதியில் இரண்டு சங்கிலிகள் (ஒருவர் அதில் ஒரு கோடு போட்டுத் திறந்துவிட்டால், மற்றவர் அடுத்தடுத்து எல்லாவற்றையும் மூடிவிடக்கூடிய கட்ட வரிசைகள்) மட்டும் மிஞ்சியிருப்பதாகக் கொள்வோம்: ஒன்றில் 4 கட்டங்கள், மற்றொன்றில் 6. எதிராளி வேறு வழியின்றி நான்கு கட்டச் சங்கிலியைத் திறந்துவிடுகிறார். ஆசைப்பட்டு நான்கையும் எடுத்தால், அடுத்த கோட்டை நாம் போட்டாக வேண்டும். ஆறு கட்டச் சங்கிலி திறக்கும். எதிராளி அதை அள்ளிக்கொண்டு 6-க்கு 4 என்று வெல்வார். மாறாக, இரண்டு கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரே கோட்டால் மூடும்படி அவருக்கு விட்டுவிட்டால், அவர் அந்த இரண்டையும் எடுத்த கையோடு ஆறு கட்டச் சங்கிலியைத் தாமே திறந்துவிட வேண்டியதாகிறது. நமக்கு 8, அவருக்கு 2. இரண்டைக் கொடுத்து ஆறை வாங்கும் இந்த ஒரு நிலையைத் தாளில் வரைந்து காட்டுங்கள். "எடுக்கலாம்" என்பதும் "எடுக்க வேண்டும்" என்பதும் வேறு என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, 8-க்கு 2 என்று ஒருமுறை தோற்றால் ஏறிவிடும்.

இந்த ஆட்டத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்காக ஒரு செய்தி: எல்வின் பெர்ல்காம்ப் என்ற கணிதவியலாளர் இதை மிக ஆழமாக ஆராய்ந்தவர்.

பதில் – மறுபக்கம்

ஒரு மாற்றுக் கருத்து. ஆட்டத்தில் பெற்ற திறன் வாழ்க்கையின் மற்ற இடங்களுக்குத் தானாகப் பெயரும் என்ற நம்பிக்கையில் சற்று நிதானம் தேவை. சேஸ், சைமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது: உண்மையான ஆட்டத்தில் அமைந்த காய்நிலையைச் சில நொடிகள் பார்த்துவிட்டு நினைவிலிருந்து அடுக்குவதில் சதுரங்க வல்லுநர் புதியவரைவிட வெகுதூரம் முன்னே நின்றார், அதே காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்தபோது அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அல்ல, சதுரங்கத்துக்கே உரிய வடிவங்களின் சேமிப்பு. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2016-இல் முடிவு வெளியான ஆய்விலும், சதுரங்கம் கற்பிக்கப்பட்ட மாணவர்கள் ஓராண்டுக்குப் பிறகு நடந்த கணிதத் தேர்வில் மற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை.

ஆட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்துக்குப் பின் நடக்கும் உரையாடல்தான் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. முடிந்தவுடன் குச்சிகளைக் கலைத்துவிடாமல், "எந்த இடத்தில் நீ தோற்றாய்? உனக்கு அது எப்போது தெரிந்தது?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை நகர்வுகள் இடைவெளி இருக்கிறது என்று அவளே பார்க்கட்டும்.

பதில் – ஒற்றையடி

"மறுபக்கம்" அவர்களின் நிதானத்தை ஏற்கிறேன். அதனால்தான் ஒரே கருத்து வேறு உடையில் வரும் ஆட்டங்களை அடுத்தடுத்து வைக்கிறேன். எடுத்துக்காட்டாக, வட்ட மேசையில் இருவரும் மாறி மாறி ஒரே அளவு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைக்க வேண்டும்; வைக்க இடமில்லாதவர் தோற்றவர். முதலில் ஆடுபவர் நடுமையத்தில் வைத்துவிட்டு, எதிராளி வைக்கும் ஒவ்வொரு நாணயத்துக்கும் நேர் எதிர்ப்புறத்தில் வைத்துக்கொண்டே போனால் போதும். பிறகு, மேசையின் நடுவில் ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொண்டு யாருக்கு வெற்றி என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் – தாழ்வாரம்

அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதல் ஆட்டத்தின் இரகசியத்தை அவள் மூன்றாம் நாளில் கண்டுபிடித்தாள். விதியை மாற்றியதும் என்மீது கோபித்துக்கொண்டாள். 1, 3, 4 ஆட்டத்தில் முதலில் நான்கின் மடங்கைத் தேடி ஏமாந்தாள். நானும் விடை தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே ஒரு தாளில் 0 முதல் 25 வரை வரிசையாக எழுதி, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் எங்கெங்கு போக முடியும் என்று பார்த்துத் தோற்கும் எண்களை மட்டும் வட்டமிட்டுக்கொண்டே வந்தாள்: 0, 2, 7, 9, 14, 16. அந்த இடத்தில் பென்சில் நின்றது. "ஏழு ஏழாகப் போகிறது" என்றாள். மேற்கொண்டு எண்ணிப் பார்க்காமலே 21-ஐயும் 23-ஐயும் வட்டமிட்டாள். சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது.

சதுரங்கத்தில் இன்னும் கண்ணில் பட்ட காயை வெட்டத்தான் செய்கிறாள். அதில் மாற்றம் ஏதும் இல்லை. ஆனால் நேற்று மாலை 21 குச்சிகளையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, எப்போதும் முதலில் ஆட அடம்பிடிப்பவள், "அப்பா, நீங்களே முதலில் எடுங்கள்" என்றாள்.