குவார்ட்டர் கார் மாடலுக்குச் செயற்கை ரோடு: டைம் ஸ்டெப் மாத்தினா ரோடே மாறுதே?

பேட்டை_ஸ்பிரிங்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பைத்தான்ல குவார்ட்டர் கார் மாடல் (ஒத்தைச் சக்கரமும் அதுமேல உள்ள கால்வாசி வண்டியும்) போடுதேன். ரோட்டுக் கரடுமுரடைத் தரம் பிரிக்குற ஐஎஸ்ஓ 8608-ல சி கிளாஸ் ரோடு, வேகம் 60 கி.மீ. ரேண்டம் நம்பரை ஃபர்ஸ்ட் ஆர்டர் ஃபில்டர்ல விட்டு ரோடு உயரம் எடுக்கேன். ஸ்டெப் 1 மில்லிசெகண்டுல உயரத்தோட ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியோட மூலம்) 1 மி.மீ கூட வரல. 0.1 மில்லிசெகண்டு ஆக்கினா அதுவும் மூணுல ஒண்ணாக் குறையுது. சி கிளாஸ்னா இவ்வளவு வழுவழுப்பா? அடுத்து லோடு ஆட்டோவுக்கு மூணு சக்கர மாடலும் வேணும். முன் சக்கர ரோட்டைத் தள்ளிப்போட்டுப் பின்னால குடுத்தாப் போதுமா?

பொருநைக்கரை:
ரேண்டம் நம்பரை அப்படியே விட்டிருக்கீரு, அதான் கோளாறு. வெண்ணிரைச்சல்னா ஒரு ஹெர்ட்ஸுக்கு இவ்வளவு பவர்னு கணக்கு. ஸ்டெப் சின்னதானா அதே பவர் இன்னும் அகலமா விரியணும், அப்ப ஒவ்வொரு நம்பரும் பெருசாகணும். அந்தப் பவர் கணக்குதான் பிஎஸ்டி. பிளஸ் அதிர்வெண்ணை மட்டும் எண்ணுற ஒருபக்க பிஎஸ்டி 1 வேணும்னா நம்பரோட சிக்மா (திட்ட விலக்கம்) = √(1 ÷ (2 × ஸ்டெப்)). 1 மில்லிசெகண்டுக்கு 22.36, 0.1-க்கு 70.7. இந்தப் பெருக்கலை விட்டா ஸ்டெப்பைப் பத்துல ஒண்ணாக் குறைக்கையில ஆர்எம்எஸ் √10 மடங்கு, அதாவது 3.16 மடங்கு குறையும். உமக்கு வந்தது அதேதான்.

சிமுலிங்க் சாஃப்ட்வேர்ல பேண்ட் லிமிட்டட் ஒயிட் நாய்ஸ் பிளாக் போடுறவங்களுக்கும் இங்கதான் அடி விழும். அந்த நாய்ஸ் பவர் இருபக்க பிஎஸ்டி, மைனஸ் அதிர்வெண்ணும் சேர்த்தது. 1 போட்டா ரோடு √2 மடங்கு கரடாகும், 0.5 போடணும்.

60 கி.மீ-க்கு, அதாவது விநாடிக்கு 16.67 மீட்டருக்கு, ஃபில்டர் எண்கள்: கட் ஆஃப் 2 × பை × 0.011 × 16.67 = 1.15, உள்ளீட்டுப் பெருக்கு 2 × பை × 0.1 × √(0.000256 × 16.67) = 0.041. இதுல 0.011, 0.1 ரெண்டும் அலையெண் (மீட்டருக்கு எத்தனை சுற்று), 0.000256 சி கிளாஸோட பிஎஸ்டி. இதுல ஆர்எம்எஸ் ஏறக்குறைய 19 மி.மீ வரணும். சின்ன ஓட்டம்னா ஆடும், பத்து நிமிஷமாவது ஓட்டிப் பாரும்.

ரேண்டம் நம்பரை ஓடிஇ சால்வருக்குள்ள (வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்குற நிரல்) கூப்பிடாதீரும். அது ஒரே நேரத்தைப் பல தடவை கேட்கும், ஒவ்வொரு தடவையும் வேற ரோடு கிடைச்சா ஸ்டெப் சுருங்கிச் சுருங்கிச் செத்துப்போகும்.

கால்கார்_பாளை:
மேலே சொன்னது சரி, ஆனா ரோட்டை நேரத்துல செய்யுறதையே நான் ஒத்துக்க மாட்டேன். ரோடு கிடக்கது தூரத்துல. உயரத்தைத் தூரத்துக்கு ஒரு அட்டவணையாச் செஞ்சு வச்சுட்டா வண்டி பிரேக் போட்டாலும் வேகம் கூட்டினாலும் அதே ரோடுதான்.

கொசைன் கூட்டல் போதும். ஒவ்வொரு அலையோட வீச்சு = √(2 × பிஎஸ்டி × அலையெண் இடைவெளி), ஃபேஸ் ரேண்டம். மீட்டருக்கு 0.011 சுற்றுல இருந்து 2.83 வரை. பிஎஸ்டி அலையெண் 0.1-ல 256 × 10⁻⁶ கன மீட்டர், அப்புறம் அலையெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல குறையும். சமதூரப் புள்ளி 5 செ.மீ. ஆர்எம்எஸ் 15.2 மி.மீ வரும். ஃபில்டரோட 19-ஐ விடக் குறைவா இருக்கேன்னு பதறாதீரும், ஃபில்டர் 0.011-க்குக் கீழேயும் நீண்ட அலையை உள்ள விடுது.

இடைவெளி 0.004 வச்சா 250 மீட்டர்ல ரோடு திரும்ப அதேயா வரும். 2 கி.மீ வேணும்னா 0.0005, அதாவது 5,600 அலைக்கு மேல. இதைக் கவனிக்காம ஐந்து கி.மீ ஓட்டிச் சராசரி எடுத்தா அதே கால் கி.மீ-யை இருபது தடவை ஓட்டினதுதான்.

அலை வீச்சுக்கு இன்னொரு சுருக்க வாய்பாடு உலவுது, 2-இன் அடுக்கு கே × 10⁻³-ன்னு. அதுல கே = 5-ன்னா சி-யோட நடு இல்ல, சி கிளாஸுக்கும் டி கிளாஸுக்கும் எல்லை. நடுவுக்கு 4.5.

கடைசியா 25 செ.மீ மூவிங் ஆவரேஜ் ஒண்ணு போடும். டயர் ஒத்தைப் புள்ளியா தொடுறது இல்லையே. 60-ல வித்தியாசம் தெரியாது. மாஞ்சோலை ரோட்டுல 20 கி.மீ-ல போற வண்டிக்கு சக்கரத் துள்ளல் 11 ஹெர்ட்ஸ்னா அது அரை மீட்டர் அலை, அங்கதான் விளையாட்டு காட்டும்.

வேகத்தடையும் குழியும் இந்தக் கூட்டல்ல வராது, தனியாச் சேர்க்கணும். இந்திய ரோடு காங்கிரஸோட ஐஆர்சி 99, 1988 பதிப்புல வேகத்தடை: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ, ஆரம் 17 மீட்டர். நம்ம தெருவுல கிடக்கது அந்த அளவுல இருக்குன்னு நினைச்சுராதீரும், டேப்பு வச்சு அளந்து போடும்.

பொருநைக்கரை:
லோடு ஆட்டோ கேள்வி விட்டுப்போச்சு. தள்ளிப்போட்டாச் சரிவராது. முன் சக்கரம் நடுவுல ஓடுது, பின் சக்கரங்க இரண்டும் அது மிதிக்காத தடத்துல. கார்ல அந்த வசதி உண்டு, முன்னும் பின்னும் ஒரே தடம். மூணு தடம் வேணும்.

நீண்ட அலை மூணுக்கும் ஒண்ணாவே இருக்கும், ஒரு மீட்டருக்குக் கீழ உள்ளது கிட்டத்தட்ட தனித்தனி. 1973-ல டாட்ஸும் ராப்ஸனும் சொன்ன மாதிரி ரோட்டை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரின்னு எடுத்தா, தடத்துக்கு நடு இடைவெளி தெரிஞ்சா ஒவ்வொரு அலையெண்ணுக்கும் ஒத்திசைவு (ரெண்டு தடமும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு) கிடைச்சுரும். முன்-பின் ஜோடிக்கு பாதி அகலம், பின்-பின் ஜோடிக்கு முழு அகலம். மூணு தடத்துக்கும் அந்த ஒத்திசைவை 3 × 3 மேட்ரிக்ஸா எழுதி, சோலெஸ்கி முறையில (முக்கோண மேட்ரிக்ஸா) பிரிச்சு மூணு தனி ரேண்டம் தொடரோட பெருக்கினா மூணு தடமும் வந்துரும். ஆனா தள்ளிப்போடுறது முழுசா வீணாகாது: பின் தடங்களை வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல உள்ள தூரம்) அளவு தள்ளித்தான் படிக்கணும், தடம்தான் வேற.

பேட்டை_ஸ்பிரிங்:
22.36 பெருக்கினதும் 18.6 மி.மீ வந்துட்டு. அட்டவணை முறைக்கே மாறிக்கிடுதேன். பிஎஸ்டி வரைஞ்சு பார்க்கையில கோடு ஓரத்துல கொஞ்சம் வளையுதே?

கால்கார்_பாளை:
மீட்டருக்கு 2 சுற்றுக்கு மேல வளைஞ்சா அது மூவிங் ஆவரேஜ் வெட்டுறது. சரிபார்க்கையில ஆவரேஜ் போடாத ரோட்டை எடும், வெல்ச் முறையில துண்டு துண்டாச் சராசரி, ஹானிங் ஜன்னல் (துண்டோட ஓரத்தை மழுக்குறது). அலையெண் 0.1-ல பிஎஸ்டி 128 × 10⁻⁶-க்கும் 512 × 10⁻⁶-க்கும் நடுவுல இருந்தா சி-தான்.