கரைந்த தங்கம் எங்கே போயிற்று?

கானாவின் அசாந்தி தங்கப் பட்டையில் ஒரு சுரங்கத்தின் ஆய்வகத்தில் நான் பணிபுரிந்த காலத்தில், டன்னுக்கு 4 கிராம் தங்கம் இருப்பதாக ஃபயர் அசே (தாதுவை உலையில் உருக்கி மொத்தத் தங்கத்தை அளக்கும் சோதனை) காட்டிய கருநிறத் தாது ஒன்று, தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு கரைசலுக்கு அதில் கால் பங்கைக்கூடக் கொடுக்கவில்லை. 75 மைக்ரான் அளவுக்கு அரைத்த தாதுமாவைத் தண்ணீருடன் பாட்டிலில் இட்டு, சுண்ணாம்பு சேர்த்து பிஎச் அளவை 10.5-க்கு உயர்த்திய பிறகே சோடியம் சயனைடைச் சேர்த்து, 24 மணி நேரம் உருளைகளின் மேல் சுழலவிட்டோம். தங்கம் சல்ஃபைடு என்னும் கந்தகக் கனிமத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்து இன்னும் நைசாக அரைத்தபோது, கிடைத்தது மேலும் குறைந்தது. அந்தக் குறைவுதான் என்னை உறுத்தியது.

அடுத்த சோதனையில் 2, 4, 8, 24 ஆகிய மணிகளில் சிறிது கரைசலை எடுத்து வடிகட்டி அளந்தேன். இரண்டாம் மணியில் தங்கம் நன்றாகவே கரைந்திருந்தது. அதன் பிறகு ஒவ்வோர் அளவீட்டிலும் இறங்கிக்கொண்டே வந்தது. தாதுவிலிருந்த கரிமப் பொருளே கரைந்த தங்கத்தை மீண்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது; நைசாக அரைத்ததில் அதன் பரப்பும் கூடிவிட்டது. நெவாடாவின் கார்லின் பகுதித் தாதுக்கள் சிலவற்றிலும் இதே தொல்லை உண்டு. தாதுவின் கரிமத்தை முந்திக்கொண்டு தங்கத்தைப் பிடிக்கட்டும் என்று, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த செயலூட்டிய கரியைத் (நுண்துளைகள் நிறைந்த, உறிஞ்சும் கரி) தொடக்கத்திலேயே பாட்டிலில் போட்டோம். சுழற்சி முடிந்ததும் சல்லடையில் தேங்கிய அந்தக் கருமணிகளைக் கழுவி எரித்து அளந்தபோது, முன்பு கிடைத்ததைப் போல இருமடங்குக்கும் மேலான தங்கம் அவற்றில் இருந்தது.

மறுமொழி (வேறோர் ஆலையில் பணிபுரிந்தவரிடமிருந்து):

எங்கள் ஆலையின் தாதுவில் தங்கம் உண்மையிலேயே ஆர்சனோபைரைட் என்னும் ஆர்சனிக் கலந்த சல்ஃபைடு கனிமத்துக்குள் பூட்டியிருந்ததால், தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கம் 1986-இல் தொடங்கிவைத்த வழியில், பாக்டீரியாக்களைக் கொண்டு சல்ஃபைடைச் சிதைத்த பிறகே சயனைடுக்கு அனுப்பினோம். பாக்டீரியாத் தொட்டியிலிருந்து வரும் குழம்பு கடும் அமிலமாக இருப்பதால், அதைக் கழுவிச் சுண்ணாம்பால் சமன்செய்யாமல் சயனைடைச் சேர்த்தால் உயிர்கொல்லியான ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். ஓர் இரவுப் பணியில் சுண்ணாம்புக் குழாய் அடைத்துக்கொண்டது. முதல் சயனைடு தொட்டியின் பிஎச் 9-க்கு இறங்க, என் மார்பில் மாட்டியிருந்த வாயுமானி அலறியது. சயனைடு வால்வை மூடச் சொல்லிவிட்டு, காற்று வீசும் திசைக்கு எதிராக எல்லோரும் இறங்கி ஓடினோம். அடைப்பை நீக்கி, பிஎச் மீண்டும் 10.7-ஐ எட்டி, வாயுமானி பூஜ்யத்தைக் காட்டியபோது விடிந்துவிட்டது. அதன் பிறகே அந்த வால்வைத் திறந்தோம்.