கார்னெல் – மேரிலாந்து லாக்ராஸ் இறுதியாட்டம்: ஹாக்கி தெரிந்த கண்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: அஸ்தம்பட்டி ஆசிரியர்
25 மே 2025, ஞாயிறு காலை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையேயான ஆடவர் லாக்ராஸ் இறுதியாட்டம் நாளை திங்கட்கிழமை, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோவில் உள்ள ஜில்லெட் அரங்கில் நடைபெறுகிறது. அங்கே பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு பத்தரை மணிக்கு வரும். தரவரிசையில் முதலிடம் பெற்ற கார்னெலும் இரண்டாமிடம் பெற்ற மேரிலாந்தும் மோதுகின்றன.

நான் சேலத்தில் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுத் தருபவன். கார்னெலில் முதுநிலை படிக்கும் என் அண்ணன் மகன் சென்ற பொங்கலுக்கு வந்தபோது ஒரு லாக்ராஸ் மட்டையையும் இரண்டு பந்துகளையும் என்னிடம் விட்டுச் சென்றான். மட்டையின் நுனியில் உள்ள வலையில் பந்து விழுந்ததும் வலை சற்றே தொய்ந்து அதை ஏந்திக்கொள்கிறது. ஆனால் அதோடு ஓட வேண்டுமென்றால் இரு கைகளாலும் மட்டையைத் தொட்டிலாட்டுவது போல ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அசைவு நின்ற கணத்தில் பந்து நழுவிக் காலடியில் விழுந்துவிடுகிறது. கோடை முகாமுக்கு வரும் என் பிள்ளைகள் நான்கு மாதங்களாக இதைச் சுவரில் அடித்துப் பழகி, இப்போது ஓரளவு பிடிக்கவும் எறியவும் தேறியிருக்கிறார்கள். நாளை இரவு அவர்களில் பன்னிரண்டு பேர் பெற்றோரின் அனுமதியுடன் என் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வருகிறார்கள்.

விதிமுறைகளைப் படித்துவிட்டேன், ஆட்டம் எந்த இடத்தில் திரும்பும் என்பதுதான் பிடிபடவில்லை. இந்த இரண்டு அணிகளில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது, எதனால்? ஹாக்கி மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு எதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்கள் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு பார்ப்பார்கள்? இந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் நம் ஊரில் இருந்தால் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

மறுமொழி 1: நாகலூர் காப்பித் தோட்டம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எட்டு ஆண்டுகள் மேரிலாந்தில் வேலை பார்த்து, அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தைக் கவனிக்க ஏற்காட்டுக்குத் திரும்பியவன் நான். காலேஜ் பார்க்கில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழக மைதானத்தில் பிப்ரவரிக் குளிரில் நின்று ஆட்டம் பார்த்துப் பழகியவன் என்பதால், என் மனம் மேரிலாந்தின் பக்கம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது ஃபேஸ்-ஆஃப் பற்றித்தான். ஹாக்கியில் ஓர் அணி கோல் வாங்கினால் அடுத்து நடுக்கோட்டில் பந்து அந்த அணிக்கே கிடைக்கும். அது ஒருவகை ஆறுதல். லாக்ராஸில் அந்த ஆறுதல் கிடையாது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் நடுவில் குனிந்து, தரையில் வைத்த பந்துக்கு இருபுறமும் மட்டையைப் படுக்க வைத்து, ஊதல் கேட்டதும் மோதுகிறார்கள். நம் அப்பாக்கள் காலத்து ஹாக்கியில் ஆட்டத்தைத் தொடங்கி வைத்த 'புல்லி' இதற்கு நெருங்கிய உறவு. இந்த மோதலில் ஒருவர் தொடர்ந்து வென்றுகொண்டே இருந்தால், கோல் போட்ட அணியே மீண்டும் மீண்டும் பந்தைப் பெற்று, எதிரணி பந்தைத் தொடாமலேயே நான்கைந்து கோல்கள் பின்தங்கிப் போகும். கார்னெலுக்காக ஜாக் காஸ்காடன் குனிவார். முதல் பத்து ஃபேஸ்-ஆஃபில் அவர் எத்தனை வென்றார் என்று பிள்ளைகளை ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் பாதிக் கதை அந்தத் தாளில் இருக்கும்.

அடுத்து, கோலுக்குப் பின்னாலும் ஆட்டம் உண்டு. கோல் கம்பம் கடைசிக் கோட்டில் இல்லாமல் அதற்கு 15 கெஜம் முன்னால் நிற்பதால், தாக்குபவர் பின்பக்கம் போய் நின்று நிதானமாகப் பந்தைப் பங்கிட முடியும். அவரைப் பார்க்கக் கோலி திரும்பினால் முன்னால் நிற்பவர்கள் அவர் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். கார்னெலின் சி. ஜே. கிர்ஸ்ட், மைக்கேல் லாங், ரயன் கோல்ட்ஸ்டைன் ஆகிய மூவரும் இந்தப் பின்பக்கத்தைத் தங்கள் வீட்டு முற்றம் போல் பயன்படுத்துகிறார்கள். பேடன் கோர்மியரின் பெயரில் இருந்த 224 கோல் என்ற முதல்நிலைப் பிரிவின் வாழ்நாள் சாதனையை இந்தப் பருவத்தில்தான் கிர்ஸ்ட் கடந்தார்.

இவ்வளவு சொல்லியும் நான் மேரிலாந்தை நம்புவதற்குக் காரணம் கோலி லோகன் மெக்னேனி. 2022 இறுதியாட்டத்தில் இதே கார்னெலை 9–7 என்று மேரிலாந்து வென்று, 18 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பருவத்தை முடித்தபோது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரராகத் தேர்வானவர் அவர்தான். அடுத்த ஆண்டு முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போய், திரும்பி வந்து, இப்போது தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் நிற்கிறார். அவருக்கு முன்னால் வில் ஷாலர் தலைமையிலான தடுப்பு வரிசை இருக்கிறது. காலிறுதியில் ஜார்ஜ்டவுனை 9–6 என்றும், நேற்றைய அரையிறுதியில் சிரக்யூஸை 14–8 என்றும் அடக்கியவர்கள் இவர்கள். பந்தைப் பெற்ற அணி கோலை நோக்கி எறிவதற்குத் தரப்படும் 80 நொடிக் கடிகாரத்தைக் கடைசிவரை பயன்படுத்தி ஆட்டத்தை மெதுவாக்கினால் 11–9 என்று மேரிலாந்து வெல்லும் என்பது என் கணிப்பு.

மறுமொழி 2: சூரமங்கலம் கோலி

சூரமங்கலத்து மைதானங்களில் பதினைந்து ஆண்டுகள் ஹாக்கி கோல் காத்தவன் என்ற முறையில், மெக்னேனியைப் பற்றி நாகலூர் நண்பர் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். முடிவில் அவரோடு மாறுபடவும் செய்கிறேன்.

ஹாக்கி கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். நாங்கள் காலில் தடித்த பேட் கட்டிக்கொண்டு தரையோடு வரும் பந்தை உதைத்தே பாதி வேலையை முடித்துவிடுவோம். லாக்ராஸ் கோல் ஆறடிக்கு ஆறடிதான். ஆனால் அங்கே கோலிகள் பெரும்பாலும் காலுக்குக் காப்பின்றித்தான் நிற்கிறார்கள். ஹெல்மெட், தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், கையுறை, பெரிய வலை வைத்த ஒரு மட்டை, அவ்வளவே. கெட்டி ரப்பரால் ஆன பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே எடை குறைந்தது. நல்ல வீரர் எறிந்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும், அதுவும் பத்துப் பன்னிரண்டு கெஜத்திலிருந்து. கண்ணால் பந்தைப் பார்த்துத் தடுக்க நேரம் இல்லை. எறிபவரின் தோளையும் மட்டை நுனி சாயும் கோணத்தையும் வைத்துத்தான் பந்து எங்கே வரும் என்று கணிக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் பந்தைத் துரத்திப் பார்க்காமல், மெக்னேனியின் கைகள் எறிதலுக்கு முன்பே எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்க்கட்டும். ஹாக்கியில் கோல் காக்கும் பிள்ளை உங்கள் முகாமில் இருந்தால் அவனைத் திரைக்கு மிக அருகில் உட்கார வையுங்கள், ஐயா.

என் மாறுபாடு இதுதான். ஒரு கோலி எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் அவர் தனியாக ஆட்டத்தை வெல்ல முடியாது. பந்து தன் பக்கம் வராமல் இருக்கும் நேரம்தான் அவருக்கு மூச்சு வாங்கும் நேரம். கார்னெல் ஓடிக்கொண்டே இருக்கும் அணி. தடுத்த பந்தை எடுத்த நொடியில், எதிரணி ஆட்களை மாற்றி முடிப்பதற்குள், எதிர்ப்பாதிக்குள் நுழைந்துவிடுவார்கள். காலிறுதியில் ரிச்மண்டை 13–12 என்று ஒரே கோல் வித்தியாசத்தில் தாண்டியதைச் சிலர் பலவீனமாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசி நிமிடங்களில் பதறாத அணியால்தான் அந்த ஆட்டத்தை முடிக்க முடியும். இந்தப் பருவத்தில் தங்களை வென்ற ஒரே அணியான பென் ஸ்டேட்டை அரையிறுதியில் 11–9 என்று திருப்பியடித்ததும் அதே நிதானத்தால்தான். கார்னெல் 13, மேரிலாந்து 11 என்று எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அந்தப் பந்தை ஒருவர் மீது ஒருவர் எறிந்து பழகினால் மார்புக் கவசம் இல்லாமல் விடாதீர்கள். 2004 மார்ச்சில் கார்னெலின் ஜார்ஜ் போயார்டி என்ற வீரர், எதிரணி எறிந்த பந்து மார்பில் பட்டு, ஆடுகளத்திலேயே சரிந்து இறந்துபோனார். சுவரில் அடித்துப் பழகுவது போதும். நேருக்கு நேர் வேகமாக எறிவது கவசம் வாங்கிய பிறகு.

மறுமொழி 3: ஃபேர்லேண்ட்ஸ் வாசகி

ஆசிரியருக்கும் மற்ற இருவருக்கும் வணக்கம். என் மகள் 2022-இல் கார்னெலில் பட்டம் பெற்றாள். பட்டமளிப்புக்குச் சென்ற நானும் என் கணவரும் இரண்டு நாள் கழித்து அவளுடன் கனெக்டிகட்டின் ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்டுக்குப் போய், நாகலூர் தம்பி குறிப்பிட்ட அந்த 9–7 ஆட்டத்தை நேரில் பார்த்தோம். மேரிலாந்து வெகுதூரம் முன்னால் போய்விட்ட பிறகும் கார்னெல் பிள்ளைகள் பிற்பாதியில் ஒவ்வொரு கோலாகத் துரத்தி வந்தார்கள். எனக்கு விதி ஒன்றும் தெரியாது. ஆனால் எறிந்த பந்து கோலைத் தவறி வெளியே ஓடும் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு பேர் அதைத் துரத்திக்கொண்டு கோட்டை நோக்கிப் பாய்வதைப் பார்த்து வியந்தேன். தவறிய எறிதல் கோட்டைத் தாண்டும் கணத்தில் பந்துக்கு மிக அருகில் யார் இருக்கிறாரோ அவருடைய அணிக்கே பந்து என்று மகள் விளக்கினாள். எறிந்தவர் தோற்றுவிட்டதாக நின்றுவிடாமல் ஓடுகிறார் பாருங்கள், இதையும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நாளைய ஆட்டத்தின் கனம் புரியும். இந்தப் போட்டியின் முதல் இறுதியாட்டமே 1971-இல் இதே இரண்டு அணிகளுக்கிடையே நடந்தது. கார்னெல் 12–6 என்று வென்றது. 1976-இலும் இவர்களே மோதி, கூடுதல் நேரத்தில் 16–13 என்று கார்னெல் வென்றது. அந்த அணியின் நாயகர்களில் ஒருவரான ஈமன் மெக்எனீனி, 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்களில் உயிரிழந்தவர்களில் ஒருவர். கார்னெல்காரர்கள் அவர் பெயரை இன்றும் தழுதழுத்த குரலில்தான் சொல்கிறார்கள். 1977-க்குப் பிறகு கார்னெலுக்குக் கோப்பை இல்லை. 1978, 1987, 1988, 2009, 2022 என்று ஐந்து முறை இறுதியாட்டம் வரை வந்து தோற்றிருக்கிறது. அவற்றில் 2009 மிகக் கொடியது: ஆட்டம் முடிய ஐந்து நொடிக்கும் குறைவாக இருந்தபோது சிரக்யூஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கோப்பையைப் பறித்துக்கொண்டது.

மேரிலாந்துக்கும் ஆறாத புண் இருக்கிறது. சென்ற ஆண்டு இறுதியாட்டத்தில் நோட்டர் டேமிடம் 15–5 என்று தோற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய பயிற்சியாளர் ஜான் டில்மன் கார்னெலில் படித்து, கார்னெலுக்காகவே ஆடியவர். எதிர்வரிசையில் நிற்கும் கார்னெல் பயிற்சியாளர் கானர் பூசெக்கும் கார்னெலின் பழைய மாணவர்தான். ஒரே வீட்டில் பிறந்து இரு வீட்டுக்குப் போனவர்கள் எதிரெதிரே நிற்பது போன்ற காட்சி அது.

கார்னெல் சேர்ந்துள்ள ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. பட்டம் முடித்த மாணவர்களை அணியில் ஆட விடுவதும் இல்லை. ஆகவே 2022-இல் முதலாண்டு மாணவராகத் தோற்று நின்ற கிர்ஸ்டுக்கு நாளை கிடைப்பதே கடைசி வாய்ப்பு. அன்று அவரைத் தடுத்த அதே மெக்னேனிதான் நாளையும் கோலில் நிற்கிறார். எனக்கு இதற்குமேல் கணக்கு வேண்டாம். கார்னெல் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்: அஸ்தம்பட்டி ஆசிரியர்
25 மே 2025, இரவு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சூரமங்கலம் நண்பர் சொன்ன எச்சரிக்கையைப் படித்த உடனேயே, இன்று மாலைப் பயிற்சியில் பிள்ளைகள் நேருக்கு நேர் எறிவதை நிறுத்திவிட்டேன். கிரிக்கெட் மார்புக் கவசங்கள் சிலவற்றை ஒரு நண்பர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவை இதற்குப் போதுமா என்பதை அண்ணன் மகனிடம் உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த பயிற்சி.

பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறேன். ஒரு குழு ஃபேஸ்-ஆஃப் கணக்கை எழுதும். ஒரு குழு கோலுக்குப் பின்னால் நிற்பவரை மட்டும் பார்க்கும். எங்கள் கோலி பெண்ணும் அவளுடைய தம்பியும் மெக்னேனியின் கைகளைப் பார்ப்பார்கள். நான் கிர்ஸ்டும் ஷாலரும் ஒருவரையொருவர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் கண் வைப்பேன். நாகலூர் நண்பர் சொன்னபடி மேரிலாந்து ஆட்டத்தை மெதுவாக்கி முதல் பாதியில் முன்னிலை பெற்றுவிட்டால் கார்னெலுக்குக் கடினம் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பந்து நடுவுக்கே வரும் ஆட்டத்தில், ஓடிக்கொண்டே இருக்கும் அணியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கார்னெல் ஒரு கோலில் வெல்லும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவில் லாக்ராஸ் மீண்டும் இடம்பெறுகிறது என்றதும், அதில் இந்தியா ஆடுமா என்று ஒரு பையன் கேட்டான். முதலில் நாளை இரவு பார், பிறகு பேசுவோம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மாவும் சூரமங்கலம் நண்பரும் விரும்பினால் நாளை இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். நாகலூர் நண்பரையும் அழைக்க ஆசைதான். ஆனால் கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் இறங்கி, நள்ளிரவுக்குப் பிறகு மலையேற வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் ஃபேஸ்-ஆஃப் தாளைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.