4294967297 பகா எண்ணா? பைத்தானும் சி-யும் வேறு வேறு பதில் சொல்கின்றன

நள்ளிரவு_கோடர்:
பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மா சோதனையை எழுதினேன். 2-ஐ (எண் − 1) என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் பகா எண் என்று அச்சிடும், அவ்வளவுதான். 4294967297, அதாவது 2^32 + 1 கொடுத்தால் பைத்தானில் மீதி 1. அதே வரிகளை சி-யில் எழுதினால் 0 வருகிறது, பகு எண் என்கிறது. மாறிகள் எல்லாம் 64 பிட் அன்சைன்டு (எதிர்மறை இல்லாத முழு எண்கள்). எதை நம்புவது?

மீதி_ஒன்று:
இரண்டையும் நம்பாதீங்க. அது பகு எண்தான்: 641 × 6700417. கணிதவியலாளர் ஃபெர்மா அதைப் பகா எண் என்றே நினைத்திருந்தார், 1732-ல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் உடைத்துக் காட்டினார். சி சரியாகச் சொன்னது தற்செயல். ஒற்றைப்படை எண்ணால் 2-இன் அடுக்கை வகுத்தால் மீதி 0 வரவே முடியாதே, அதைப் பார்த்ததுமே சந்தேகம் வரணும். உங்கள் நிரல் 2, 4, 16, 256, 65536, 2^32 என்று வர்க்கப்படுத்திக்கொண்டே போகிறது, அடுத்தது 2^64, அது 64 பிட்டில் அடங்காமல் 0 ஆகிவிடுகிறது, அப்புறம் எல்லாமே 0. 4294967311 போட்டுப் பாருங்க. அது அசல் பகா எண், அதற்கும் 0 தான் வரும்.

நள்ளிரவு_கோடர்:
ஆமாம், 0 தான்! பெருக்கலை 128 பிட்டுக்கு மாற்றியதும் 4294967311-க்கு 1 வந்துவிட்டது. ஆனால் 4294967297-க்கும் 1. இப்போது இரண்டும் ஒத்துப்போய்ப் பொய் சொல்கின்றன :) சோதனையே தப்பா?

மீதி_ஒன்று:
சோதனை தப்பில்லை, 2-ஐ எடுத்ததுதான் வினை. 2^32 என்பது இந்த எண்ணில் ஒன்று குறைவு, அதனால் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. நீங்கள் உயர்த்தும் அடுக்கோ 4294967296, அது 64-இன் மடங்கு, அப்புறம் 1 வராமல் என்ன செய்யும்? ஃபெர்மா எண்கள், அதாவது 2^(2^n) + 1 வடிவ எண்கள், எல்லாமே 2-ஐ இப்படித்தான் ஏமாற்றும். ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனைக்கு மாறினாலும் 2-ஐ மட்டும் வைத்தால் தப்பித்துவிடும். உங்கள் நிரலில் 2-க்குப் பதில் 3 போடுங்க, மீதி 1 வராமல் 3029026160 வரணும்.

வகுத்தி:
இடையில் நுழைகிறேன். இந்த எண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமே தேவையில்லை. அதன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 129, 257, 385, 513, 641 என்று போனால் பகா எண்கள் 257-ம் 641-ம் மட்டுமே. இரண்டே வகுத்தல், கையாலேயே முடியும். ஆய்லர் காலத்தில் 64-இன் மடங்கு என்பது வரைதான் தெரியும், அதனால் அவருக்கு 193, 449, 577 என்று கொஞ்சம் கூடுதல் வேலை. பொதுவான நிரல் வேண்டுமென்றால் மில்லர்-ராபினில் 2, 7, 61 மூன்றையும் வையுங்க, 4759123141-க்குக் கீழே எந்தப் பகு எண்ணும் மூன்றையும் தாண்டாது.

நள்ளிரவு_கோடர்:
3-க்கு அதே 3029026160 வந்தது, இரண்டு மொழியிலும். மில்லர்-ராபினில் 2, 7, 61 வைத்தாயிற்று. 4294967297 பகு எண், 4294967311 பகா எண். நன்றி இருவருக்கும்.