மறுமொழி: ‘ஏஜிங்’ – பழமையூட்டலா, புழக்கமேற்றலா?

குழுவினருக்கு வணக்கம்.

காலப் படங்களுக்கான, அதாவது கடந்த காலத்தில் நடக்கும் திரைக்கதைகளுக்கான, அரங்க அமைப்புச் சொற்பட்டியலில் ‘ஏஜிங்’ (புதிதாகச் செய்த அரங்கப் பொருளைப் பழகியதுபோல் காட்டும் வேலை) என்பதற்கு எதிரே ‘பழமையூட்டல்’ என்று எழுதி ஒப்புதல் கேட்டிருக்கிறீர்கள். சொல் அழகாகவே இருக்கிறது. ஆனால் அதை நம்பி அரங்கத்துக்குள் நுழையும் வண்ணக்காரர் தவறான வேலையைச் செய்துவிடுவார் என்பதால் மறுக்கிறேன்.

1940-களில் நடக்கும் கதை என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு வானொலிப் பெட்டி நமக்குத்தான் பழையது. கதை மாந்தர்களுக்குப் போன மாதம் வந்தது. மெருகு மங்காமல் பளபளக்க வேண்டும். அதே அறையின் கதவோ இரண்டு தலைமுறை கண்டதாக இருக்கலாம். ‘பழமையூட்டு’ என்று பொதுவாகச் சொன்னால் இரண்டின் மேலும் ஒரே பழுப்புச் சாயம் ஏறும். சில காலப் படங்களின் வீடுகள் அருங்காட்சியகக் கிடங்குபோலத் தெரிவதற்கு இதுவே காரணம் என்பேன்.

என் பரிந்துரை: புழக்கமேற்றல். ‘சாயமேற்று’ என்று சொல்வதில்லையா, அதே வார்ப்பு. ‘இந்தக் கதவுக்குப் புழக்கமேற்று’ என்றதும், யார் தொட்டார்கள், எங்கே தொட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். வேலையே அந்தக் கேள்விதான். கைப்பிடியைச் சுற்றி வண்ணம் தேய்ந்திருக்கும். மேல் மூலையில் தேய்ந்திருக்காது. படிக்கட்டின் நடுப்பகுதி குழிந்து, ஓரங்களில் பழைய பூச்சு தங்கியிருக்கும். சிமினி விளக்கு மாட்டிய இடத்துக்கு மேலே மட்டும் கரி படிந்திருக்கும். படத்தைக் கழற்றிய சுவரில் வெளிறாத ஒரு செவ்வகம் எஞ்சும்.

இதற்குக் கீழே இரண்டு துணைச்சொற்களும் தேவை: தேய்வு, படிவு. ஒன்று இருப்பதை எடுப்பது, மற்றது இல்லாததைச் சேர்ப்பது. கருவிகளும் இப்படித்தான் பிரிகின்றன. விளிம்புகளில் மெழுகு தடவி, மேலே வண்ணம் அடித்து, காய்ந்தபின் சுரண்டினால் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும், அது தேய்வு. மிக நீர்த்த வண்ணத்தைப் பூசி உடனே துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு நிற்கும், அது படிவு. தூசிபோலத் தெரிய முல்தானி மட்டி என்ற நுண்மண்ணைத் தூவுவதும் படிவுதான். வேலைத்தாளில் ‘கதவு: தேய்வு – கைப்பிடி; படிவு – அடிச்சட்டம்’ என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ‘பழமையூட்டல்’ இந்த வசதியைத் தராது.

> புழக்கம் என்றால் பணப்புழக்கம்தானே முதலில் நினைவுக்கு வரும்?

இப்படி உங்களில் சிலர் கேட்கலாம். வரட்டுமே. அதுவும் கைமாறிக் கைமாறி நடப்பதுதான். ‘புழங்கிய பாத்திரம்’, ‘ஆள் புழக்கம் உள்ள வீடு’ என்றெல்லாம் சொல்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

> கைவிடப்பட்ட வீட்டுக்கு என்ன சொல்வது? அங்கே புழக்கமே இல்லையே.

நல்ல கேள்வி. அங்கே மழையும் வெயிலும் வேலை செய்திருக்கும்: ஆணியிலிருந்து கீழ்நோக்கி வழிந்த துருக்கோடு, அடியிலிருந்து ஏறிய ஈரம், பொரிந்து உதிரும் சுண்ணாம்பு. அதற்குச் ‘சிதைவூட்டல்’ என்று தனிச்சொல் இருக்கட்டும். சிதைந்ததுபோல் காட்டும் ‘டிஸ்ட்ரெஸ்ஸிங்’ என்பதையும் ‘ஏஜிங்’ என்பதையும் படப்பிடிப்புத் தளங்களில் பலர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை. திரைச்சீலை வெயிலில் நிறம் இழப்பதை மட்டும் எதில் சேர்ப்பது என்று எனக்கும் தயக்கம் உண்டு. இப்போதைக்கு ‘வெளிறல்’ என்று தேய்வின் கீழ் வைக்கலாம்.

பட்டியலில் விடுபட்ட ஒன்றும் இருக்கிறது. உண்மையான பழம்பொருளை வாடகைக்கு எடுத்து, துருவையும் தூசியையும் நீக்கி, கதை நடக்கும் ஆண்டில் இருந்தபடி ஆக்குவதும் அரங்கத்தில் அன்றாட வேலை. அதற்குப் ‘புதுக்கல்’ போதும். பழைய வினைச்சொல், சிறியது, பொருள் மாறாதது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்: புழக்கமேற்றல், தேய்வு, படிவு, சிதைவூட்டல், புதுக்கல்.