லேட்ச்-அப்புக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அல்சூர்:
பெங்களூர்த் தமிழ்க் குழுவினருக்கு வணக்கம் (வழக்கம்போல் பெயருக்குப் பதில் அவரவர் பேட்டை). ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளி மாலை சிவாஜிநகர் அச்சகத்துக்குப் போக வேண்டும். பொருள்: கதிர்வீச்சை அளக்கக் கல்லூரி மாணவர்கள் கட்டும் சிறு செயற்கைக்கோள். அதே கதிர்வீச்சு அந்தக் கோளின் மின்சுற்றைக் கெடுப்பது பற்றி ஒரு பக்கம் உண்டு. மூன்று கோளாறுகள். துகள் தாக்கி நினைவகத்தில் 0 இருந்த இடம் 1 ஆகிவிடுவது 'பிட் புரட்டு'. நாள்பட வாங்கிய கதிர்வீச்சால் சில்லு (சிப்) மெல்லக் கெடுவது 'மொத்த ஏற்பளவு'. மூன்றாவது லேட்ச்-அப்: துகள் தாக்கிய சில்லு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பது. மொழிபெயர்ப்பாளர் அதற்குப் 'பிறழ்வு' என்று போட்டிருக்கிறார். படித்தால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல் இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள்.

பீன்யா:
பிறழ்வு வேண்டவே வேண்டாம் அம்மா. பிட் புரண்டால் திருப்பி எழுதிக்கொள்ளலாம். பிழைதிருத்தக் குறியீடு இருந்தால் யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடும். லேட்ச்-அப் வேறு சாதி. சீமாஸ் (இன்றைய பெரும்பாலான சில்லுகளின் அமைப்பு முறை) சில்லின் அடுக்குகளுக்குள், யாரும் வேண்டி வைக்காத இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒளிந்திருக்கும்: ஒன்று பிஎன்பி வகை, மற்றது என்பிஎன் வகை. ஒன்றன் ஏற்பான் (கலெக்டர்) மற்றதன் அடிவாய் (பேஸ்). கனமான அயனி ஒன்று ஊடுருவி மின்னூட்டத்தைக் கொட்டினால் ஒன்று மற்றதை எழுப்பும், அது இதை எழுப்பும். மின்வழங்கலிலிருந்து தரைக்கு நேர்வழி திறந்துகொள்ளும். சில பத்து மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டிருந்த சில்லு சில நூறு இழுக்கும். துகள் போன பிறகும் ஓட்டம் நிற்காது. மின்சாரத்தை வெட்டினால்தான் விடும், தாமதித்தால் உள்ளே இணைப்புக் கம்பி உருகும். ஆகவே 'விடாது' என்ற பொருள் சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

மல்லேஸ்வரம்:
பீன்யா நண்பர் விடையையே சொல்லிவிட்டார். கவ்வல். வினையடி இருப்பதால் கிளைகள் தாமே வரும்: கவ்வும், கவ்வியது, கவ்வு மின்னோட்டம். லேட்ச்-அப் ஆகாத சில்லுக்குக் 'கவ்வாச் சில்லு'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும், ஓடாக் குதிரை போல. இன்னொன்றும் கவனியுங்கள். கவை என்றால் இரண்டாகப் பிரிந்த கிளை. கவடு, கவட்டை எல்லாம் அந்தக் குடும்பம். இரு கிளைக்கு நடுவே அகப்படுவதுதான் கவ்வப்படுவது. இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு நடுவே மின்னோட்டம் அகப்படுவதை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. குறளில் வரும் கவ்வையும் (அலர், ஊர்ப்பேச்சு) இதே வேர்தானா என்பது தனி ஆராய்ச்சி. ஊர்வாய் கவ்வினால் விடாது என்ற வகையில்...

ஜாலஹள்ளி:
ஐயா, கவ்வை அடுத்த மாதம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் 'கவ்வியது' என்றால் நாய் பிஸ்கட்டைக் கவ்வியதுதான் நினைவுக்கு வரும், நாயும் உடனே விட்டுவிடும். உடும்புப்பிடி என்று வைத்தால் என்ன? விளக்கமே வேண்டாம். கன்னட நண்பர்களுக்கும் உடும்பு 'உட'தான், அவர்களுக்கும் புரியும்.

மல்லேஸ்வரம்:
தம்பி, உவமை வேறு, கலைச்சொல் வேறு. உடும்புப்பிடி என்பது நாளேட்டுக்காரர் சொல். தொகுதிப் பங்கீட்டில் கட்சிகள் நிற்பது உடும்புப்பிடி. அதில் உறுதியைப் பாராட்டும் தொனி இருக்கிறது. சில்லு எரிவதைப் பாராட்டுவதா? மேலும் வினை எங்கே? 'சில்லு உடும்புப்பிடித்தது' என்று எழுதுவீர்களா? விலங்குதான் வேண்டும் என்றால் மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்ற பழமொழியே இருக்கிறதே.

ஜாலஹள்ளி:
அப்படியானால் முதலைப்பிடி?

மல்லேஸ்வரம்:
நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஜெயநகர்:
சொல் சண்டைக்கு நடுவே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் 'விண்வெளிக் கதிரியக்கம்' என்று இருக்கிறது. கதிரியக்கம் என்பது அணுக்கரு தானாகச் சிதைவது. கோள் அளப்பது கதிர்வீச்சை, அதாவது பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய புரோட்டான், எலெக்ட்ரான்களை. 1958இல் எக்ஸ்ப்ளோரர் 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் கெய்கர் எண்ணியோடு (துகள்களை எண்ணும் கருவி) போய்க் கண்டது அதைத்தான். வேடிக்கை என்னவென்றால் உயரே போனதும் எண்ணி பூச்சியம் காட்டியது. துகள் இல்லாததால் அல்ல, எண்ண முடியாத அளவு வந்து எண்ணி திணறியதால். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம்:
கையேட்டிலேயே கொலராடோ மாணவர்களின் கோள் பற்றி ஒரு பத்தி இருக்கிறதே. 2012இல் ஏவியது, சிறு கனசதுரம் மூன்றை அடுக்கியது போன்ற மூன்றலகுக் கோள். அது கண்டதாக 2017இல் வெளியான முடிவு என்ன? அண்டக்கதிர் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரானைத் தெறிக்க வைக்கிறது. நியூட்ரான் வழியில் சிதைந்து எலெக்ட்ரானை விடுகிறது. அது பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளில் உட்பட்டையின் விளிம்பில் சிக்குகிறது. நியூட்ரான் தானாகச் சிதைவது பீட்டாச் சிதைவுதானே? அப்படியானால் கதிரியக்கம் முழுத் தவறு என்று சொல்லிவிட முடியுமா?

ஜெயநகர்:
முடியும் ஐயா. வேர் அப்படி இருக்கலாம், அளப்பது வந்து சேரும் எலெக்ட்ரானை. கதிர்வீச்சு என்றே போடுங்கள்.

அல்சூர்:
கதிர்வீச்சு என்று மாற்றிவிட்டேன். பட்டையா வளையமா என்று யாரும் தொடங்க வேண்டாம், பாடநூலில் பட்டை. லேட்ச்-அப்புக்கு வாருங்கள். காப்புச் சுற்றுப் பத்தியில்தான் இந்தச் சொல் ஏழெட்டு முறை வருகிறது.

பீன்யா:
அந்தப் பத்தியைப் படித்தேன். 'மின்னோட்டம் கூடினால் மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். மாணவர்கள் மாட்டிக்கொள்வதே அங்கேதான். மின்வழங்கல் கம்பியில் மின்னோட்டத்தை அளக்க ஒரு சிறு தடையம், அதன் குறுக்கே விழும் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ஒப்பிடுசுற்று, வரம்பு தாண்டினால் திறந்து மின்சாரத்தை வெட்டும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) சுவிட்ச், சற்றுக் காத்திருந்து அதை மறுபடி மூடி இணைக்கும் நேரச்சுற்று. இதுவரை சரி. வரம்பைத் தாழ்வாக வைத்தால் சில்லு விழித்தெழும்போது மின்தேக்கிகள் இழுக்கும் தொடக்க ஓட்டத்திலேயே வெட்டிவிடும். மறுபடி மூடும், மறுபடி வெட்டும். உயரமாக வைத்தால் சிறு பகுதியில் மட்டும் ஏற்பட்ட லேட்ச்-அப் வரம்புக்குக் கீழே மறைந்திருந்து நாட்கணக்கில் சூடேற்றும். பலகைக்கு ஒரே சுவிட்ச் போதாது, முக்கியச் சில்லுகளுக்குத் தனித்தனியே வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. மின்வழங்கலை வெட்டியும் சில்லு விடாமல் இருக்கும். பக்கத்துச் சில்லின் குறிகைக் கம்பி (சிக்னல் கம்பி) உயர்நிலையில், அதாவது மின்னழுத்தத்தோடு, நின்றால், உள்ளீட்டுக் காப்பு டையோடு வழியாக அந்த மின்சாரம் உள்ளே கசிந்து பிடியை வளர்க்கும். ஐ-ஸ்கொயர்-சி (சில்லுகள் தங்களுக்குள் பேசும் இணைப்பு) கம்பிகளை உயர்நிலையில் வைக்கும் மேலிழுப்புத் தடையங்களும் இதே வேலையைச் செய்யும். வெட்டும்போது அவற்றையும் தாழ்நிலைக்கு இறக்க வேண்டும் அல்லது துண்டிக்க வேண்டும். 'பிடி' என்ற சொல் இங்கே தானாக வந்துவிட்டதைப் பாருங்கள்.

ஜாலஹள்ளி:
ஐயா எழுதும்போதே உடும்புப்பிடிக்கு வாக்களித்துவிட்டார்!

பீன்யா:
உடும்பு இல்லாமல் வெறும் பிடி என்றேன். ஆனால் வெறும் பிடி போதாது, மைக்கில் இருந்து கத்தி வரை எல்லாவற்றுக்கும் பிடி உண்டு. உடும்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வினை வேண்டிய இடத்தில் 'உடும்புப்பிடியில் சிக்கியது'. சிக்குவது சில்லு, பிடிப்பது மின்னோட்டம். இயற்பியலும் கெடவில்லை.

ஜெயநகர்:
எனக்கு இரண்டும் சரி. லேட்ச்-அப் என்று தமிழ் எழுத்தில் ஒரு முறையாவது போடுங்கள். பிள்ளை நாளை பொறியியல் கல்லூரிக்குப் போனால் அங்கே உடும்பு இருக்காது.

மல்லேஸ்வரம்:
அப்படி ஒவ்வொன்றுக்கும் அருகில் ஆங்கில ஒலிபெயர்ப்பை வைத்தால் தமிழ் எதற்கு? பிள்ளை எளிதானதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஜெயநகர்:
எடுத்துக்கொள்ளட்டும் ஐயா. எதைப் படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

அல்சூர்:
நாளை வெள்ளி. உடும்புப்பிடி மூன்று வாக்கு (ஜெயநகரைப் பாதியாகக் கணக்கிட்டால் இரண்டரை), கவ்வல் ஒன்று. உடும்புப்பிடியே போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பொறியாளர்கள் லேட்ச்-அப் என்பார்கள்' என்று ஒரு வரி. பீன்யா ஐயா சொன்ன குறிகைக் கம்பி விஷயத்தைத் தனிப் பெட்டியாகக் கொடுக்கிறேன், இடத்துக்காக மொத்த ஏற்பளவுப் பத்தியைச் சுருக்கியாயிற்று. கலைச்சொல் பட்டியலில் கவ்வலும் இருக்கும்.

மல்லேஸ்வரம்:
பட்டியலில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். என் மாணவர்களுக்கு நான் கவ்வல் என்றே சொல்லிக்கொடுப்பேன். ஏழாம் பக்கத்தில் 'உடும்புப்பிடி தடுப்புச் சுற்று' என்று ஒற்று இல்லாமல் இருக்கிறது. நோய்த்தடுப்பு போல ஒற்று மிகும் இடம் இல்லையா அது? 'உடும்புப்பிடித் தடுப்புச் சுற்று' என்று திருத்துங்கள்.

பீன்யா:
ஒற்று மிகுந்தால் 'பிடித்த' என்று படித்துவிடுவார்கள் ஐயா.

மல்லேஸ்வரம்:
அதற்கு வாசகரைத் திருத்த வேண்டும், இலக்கணத்தை அல்ல. கவ்வல் என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.